சாமையை விதைச்சாச்சு, குத்துவது யார்?

வறட்சியைத் தாங்கும், சத்து மிகுந்தது, கிராமத்தின் உணவுப் பாதுகாப்புக்கு உதவும். இந்த மூன்றையும் ஒரே வரியில் எழுதிய திட்ட அறிக்கைகளைக் கொஞ்ச நாளாக வரிசையாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் சிறுதானியங்களைப் பற்றியவை. 2018-ஐ இந்திய அரசு தேசியச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. பிறகு இந்தியா முன்மொழிந்த தீர்மானத்தை 2021 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்டதால் 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டானது. அதையொட்டி வந்த அறிக்கைகள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அச்சில் இருக்கு. விதை கொடுப்போம், பரப்பளவைக் கூட்டுவோம், விழிப்புணர்வு ஏற்படுத்துவோம், மக்கள் சத்தாகச் சாப்பிடுவார்கள். அவ்வளவுதான்.

விதைக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கே, உமி நீக்குவது, அது இந்த அறிக்கைகளில் 'மதிப்புக் கூட்டல்' என்ற தலைப்பில் கடைசிப் பக்கங்களுக்குப் போய்விடுகிறது. அந்த வேலைதான் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு தானியம் கிராமத்து அடுக்களையில் நிலைக்குமா நிலைக்காதா என்பதை விதையைவிட, வறட்சியைவிட, விழிப்புணர்வைவிட அதிகமாகத் தீர்மானிப்பது அதுதான். ஏன் அப்படிச் சொல்றேன்னு விளக்கப் பார்க்கிறேன்.

'அறிமுகம்' என்ற சொல்

முதலில் ஒரு சின்ன உறுத்தல். பல அறிக்கைகள் மலைக்கிராமங்களில் சாமையையும் தினையையும் 'அறிமுகப்படுத்துவது' பற்றிப் பேசுகின்றன. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மலையாளி பழங்குடி மக்கள் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு எல்லாவற்றையும் தலைமுறை தலைமுறையாக விதைத்தவர்கள். ஒவ்வொன்றிலும் பல ரகங்களை வைத்திருந்தவர்கள். அந்த நிலங்களில் பெரும்பகுதிக்கு மரவள்ளி வந்துவிட்டது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே வேலை செய்து இந்த மாற்றத்தைப் பதிவு செய்திருக்கிறது.

ஆக, அவங்களுக்கு இந்தப் பயிர் தெரியாதது இல்லை. தெரிந்தே கைவிட்டார்கள். தெரிந்தே கைவிட்டவர்களிடம் விழிப்புணர்வு பிரசுரம் கொடுப்பதில் என்ன பயன்? ஏன் விட்டீர்கள் என்று கேட்பதுதான் முதல் வேலை.

மரவள்ளியும் வறட்சி தாங்கும் பயிர்தான் என்பதை இங்கே கவனிக்கணும். சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு போகும், கையில் மொத்தமாகப் பணம் வரும். அந்தப் பணத்தோடு ரேஷன் அரிசியும் சேர்ந்தால் வீட்டில் பசி இல்லை. 'வறட்சி தாங்கும்' என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு சாமை மரவள்ளியோடு போட்டி போட முடியாது. சத்து என்று பார்த்தால் சாமைக்கு மேல் கை உண்டு. ஆனால் சத்து தட்டில் வந்தால்தானே சத்து?

உமி உள்ளதும் இல்லாததும்

சிறுதானியம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விதமான தானியங்களைப் போட்டு வைத்திருக்கிறோம். கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றும் ஒரு வகை. கதிரடிக்கும்போதே மேலுறை கழன்றுவிடும். கேழ்வரகைக் கல் பார்த்து, கழுவிக் காயவைத்து, மாவு மில்லில் கொடுத்தால் வேலை முடிந்தது. சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஐந்தும் இன்னொரு வகை. நெல்லைப் போல உமி தானியத்தை இறுகப் பிடித்திருக்கும். வரகில் அது இன்னும் மோசம். அத்தனை கெட்டி.

சென்ற வருஷம் ஒரு படி சாமை வாங்கி உரலில் குத்திப் பார்த்தேன். குத்துவதைவிடப் புடைப்பதுதான் பாடு. சாமை அத்தனை பொடிசு. உமி, தவிடு, உமி போகாத மணி, உடைந்த குருணை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். புடைத்து, கொழித்து, மறுபடி உரலில் போட்டு, மறுபடி புடைத்து... உமி போகாத மணி நாலு சோற்றில் கிடந்தாலே தொண்டையில் உறுத்தும். ஒரு வேளைச் சோற்றுக்கு இந்தப் பாடு என்றால், ஆறு பேர் சாப்பிடும் வீட்டில் தினமும் என்ன கதி? காலையில் களை எடுக்கப் போய், சாயங்காலம் விறகோடு திரும்பி, இருட்டில் உலக்கை பிடித்தவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

நெல்லுக்கும் ஒரு காலத்தில் இதே பாடுதான். ஆனால் ஊருக்கு ஊர் ரைஸ் மில் வந்தது. மூட்டையைப் போட்டால் அரிசியாகத் திரும்பி வரும். நெல்லுக்கான உலக்கை வேலை ஒழிந்தது, சாமைக்கான உலக்கை வேலை அப்படியே நின்றது. ரைஸ் மில்லின் ரப்பர் உருளை நெல்லின் பருமனுக்கு ஏற்றது. சாமையை அதில் விட்டால் பாதி உமியோடு வரும், பாதி நொறுங்கும். பக்கத்து வீட்டில் அரிசிச்சோறு மில்லில் இருந்து வருகிறபோது, தன் வீட்டில் மட்டும் உரல் முன்னால் நிற்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்?

சாமையும் வரகும் போன வேகத்தில் கேழ்வரகு போகவில்லை என்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் களி இன்னும் வீட்டு உணவு. தெற்குக் கர்நாடகத்தில் முத்தே இன்னும் அன்றாட உணவு. கேழ்வரகுக்கு மாவு மில் போதும். மாவு மில் எல்லா ஊரிலும் இருக்கு.

இலவச அரிசியைத் திட்டுவது

இந்தப் பேச்சு வந்தாலே ஒருவர் எழுந்து, 'எல்லாத்தையும் கெடுத்தது ரேஷன் அரிசி' என்பார். 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல். இதனால் மக்கள் சோம்பேறிகளாகி, பாரம்பரிய உணவை மறந்துவிட்டார்கள் என்பது வாதம். வசதியான வீட்டில் இருந்துகொண்டு சொல்ல ரொம்பச் சுலபமான வாதம் இது.

அந்த அரிசி பசியைப் போக்கியது. அதோடு பெண்களுக்குத் தினமும் உரலடியில் போன நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. சிறுதானியத்துக்குத் திரும்புங்கள் என்று சொல்கிறவர், அந்த நேரத்தை மறுபடி யாரிடமிருந்து எடுக்கப் போகிறோம் என்று சொல்லியாக வேண்டும். எந்திரம் இல்லாமல் பாரம்பரிய உணவை மீட்பது என்றால், அந்த மீட்பின் கூலியில்லாத வேலையாள் வீட்டுப் பெண்தான். இதை எந்த அறிக்கையும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

வயலிலும் எழுதப்படாத கணக்கு ஒன்று உண்டு. ஊர் முழுக்கத் தினை நின்றால் குருவிகள் ஊர் முழுக்கப் பகிர்ந்து தின்னும். மாதிரித் திட்டம் என்று பத்துப் பேருக்கு விதை கொடுத்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக அரை ஏக்கர் விதைத்தால், சுற்று வட்டாரத்துக் குருவியெல்லாம் அந்த அரை ஏக்கரில்தான் இறங்கும். விடிகாலையில் போய்த் தகரம் தட்டவும் ஆள் வேண்டும். வறட்சியைத் தாங்கிய கதிர் குருவிக்குத் தாங்காமல் போகும். அடுத்த வருஷம் அந்த விவசாயி விதை வேண்டாம் என்பார். அறிக்கையில் அதற்குப் பெயர் 'விவசாயிகளிடம் ஆர்வமின்மை'.

உமியோடு பத்திரம், உமி போனால் அவசரம்

உமியோடு இருக்கும் சாமையையும் வரகையும் வருஷக்கணக்கில் வைத்திருக்கலாம். பஞ்சத்துக்கு வரகைச் சேமித்து வைத்த காரணம் அதுதான். உமியை நீக்கிவிட்டால் கதை மாறும். தவிட்டில் எண்ணெய் இருக்கு. காற்றும் ஈரமும் பட்டால் சில வாரங்களில் சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும், வண்டு வைக்கும். கம்பு மாவு இன்னும் மோசம், அரைத்த சில நாட்களிலேயே கசக்கும். அதனால்தான் பழைய வீடுகளில் இரண்டு மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் குத்தினார்கள்.

இதை வைத்து ஒரு முடிவுக்கு வரலாம். தவிடு போகாத தானியத்தைச் சாப்பிட வேண்டுமென்றால், உமி நீக்கும் இடம் அடுக்களைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இடம் தூரமாகப் போனால் தானியம் கடையில் நாள்கணக்காக இருக்க வேண்டிவரும். அப்படி இருக்க வேண்டுமென்றால் தவிட்டையும் தீட்டி எடுக்க வேண்டும். தீட்டினால் எந்தச் சத்துக்காக இதையெல்லாம் தொடங்கினோமோ அதில் பெரும்பகுதி போய்விடும்.

நடப்பது அதுதான். தமிழகத்து மலைகளில் விளையும் சாமையில் கணிசமானது வியாபாரிகள் வழியாக லாரி ஏறி மகாராஷ்டிரத்து நாசிக் ஆலைகள் வரை போகிறது. தீட்டிய வெள்ளைச் சாமையாகப் பாக்கெட்டில் நகரத்துக் கடைக்கு வருகிறது. விளைவித்தவர் உமியோடு குறைந்த விலைக்கு விற்றுவிட்டு ரேஷன் அரிசி சமைக்கிறார். நகரத்தில் சர்க்கரை நோயாளி ஒருவர் அதிக விலை கொடுத்து, தவிடு போன சாமையை வாங்கிச் சோறாக்கி, அரிசியைவிட நல்லது என்று ஒரு பிடி கூடுதலாகச் சாப்பிடுகிறார். இரண்டு பேருக்கும் பெரிய நன்மை இல்லை. ஆனால் பரப்பளவு கூடியிருக்கும், விற்பனையும் கூடியிருக்கும். அறிக்கைப்படி திட்டம் வெற்றி.

இரண்டு அட்டவணைகள்

சத்து பற்றியும் கொஞ்சம் நிதானமாகப் பேசணும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவுச்சத்து அட்டவணையில் 100 கிராம் சாமைக்கு இரும்புச்சத்து 9.3 மில்லிகிராம் என்று இருந்தது. தீட்டிய பச்சரிசிக்கு 0.7. பதின்மூன்று மடங்கு! இன்றைக்கும் வாட்ஸப்பில் சுற்றும் படங்களில் இருப்பது இந்த எண்தான். அதே நிறுவனம் 2017-ல் புதிதாக வெளியிட்ட அட்டவணையில் சாமைக்கு இரும்பு 1.26, பச்சரிசிக்கு 0.65. இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் குறைவு.

எடுத்த மாதிரி, எவ்வளவு தீட்டியது, ஒட்டிய மண்ணை எப்படிக் கழுவியது, எந்த முறையில் அளந்தது என்று எது மாறினாலும் எண் மாறும். ஆனால் ஒரு நாட்டின் கொள்கையைப் பழைய எண்ணின் மேல் கட்டக்கூடாது.

கேழ்வரகைப் பாருங்கள். பழைய அட்டவணையில் கால்சியம் 344 மில்லிகிராம், புதியதில் 364. இரண்டு அட்டவணையிலும் அசையாமல் நிற்கிறது. பச்சரிசியில் 7.5 தான். கேழ்வரகை நாம் மேல்தோலோடு அரைத்துச் சாப்பிடுகிறோம், தீட்டி எறிய ஒன்றும் இல்லை. அந்தத் தோலில் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் பொருள்களும் உண்டு என்பது உண்மை. முளைகட்டுவதும், கூழைப் புளிக்க வைப்பதும் அதை ஓரளவு குறைக்கும். குத்துகிற பாடும் இல்லை, சத்தும் தங்குகிறது. 'சிறுதானியம்' என்று பொதுவாகப் பேசுவதை விட்டு, எந்தத் தானியம், எந்த அளவு தீட்டியது என்று கேட்க ஆரம்பித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வேலை செய்த இடங்கள்

எல்லாமே தோல்வி என்று நான் சொல்லவில்லை. ஒடிசா 2017-ல் பழங்குடி மாவட்டங்களில் தொடங்கிய சிறுதானிய இயக்கம் கவனிக்க வேண்டிய ஒன்று. விதையோடு நிறுத்தாமல் கதிரடிக்கும் எந்திரம், மாவு அரைக்கும் எந்திரம், ஆதரவு விலையில் கொள்முதல், ரேஷனில் கேழ்வரகு, அங்கன்வாடியில் கேழ்வரகு லட்டு என்று வயலில் இருந்து குழந்தையின் கை வரைக்கும் ஒரு சங்கிலியாகக் கட்டினார்கள். தமிழ்நாட்டிலும் 2023-ல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் ரேஷன் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல தொடக்கம். கேழ்வரகை ஏற்கனவே சமைக்கத் தெரிந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனம்.

ஆனால் இரண்டு இடத்திலும் முன்னால் நிற்பது கேழ்வரகு என்பதைக் கவனியுங்கள். உமி பிரச்சினை இல்லாத தானியம். மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலையும் சோளம், கம்பு, கேழ்வரகு மூன்றுக்குத்தான். 2023-24-ல் கேழ்வரகுக்குக் குவிண்டாலுக்கு 3,846 ரூபாய், சாதாரண நெல்லுக்கு 2,183. கேழ்வரகு போட்டவருக்கு ஒரு பிடிமானம் உண்டு. சாமை, வரகு, குதிரைவாலி, தினை போட்டவருக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. குறைவான மழையில், மேட்டு நிலத்தில், கல்லுக்காட்டில் வருபவை இவைதான். அவற்றை விதைப்பவர்கள்தான் மிகவும் ஏழைகள்.

சாமைக்கு எந்திரமே இல்லையா என்றால், இருக்கு. சுழலும் தட்டு தானியத்தை வேகமாகச் சுவரில் வீசி மோதவைக்கும். உமி பிளக்கும், காற்று உமியை இழுத்துக்கொள்ளும், பிளக்காத மணி மறுபடி உள்ளே போகும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் மதுரை தானம் அறக்கட்டளையும் கிராமத்துக்கு ஏற்ற சிறிய எந்திரங்களுக்காக உழைத்திருக்கிறார்கள். கொல்லிமலையிலும் சுயஉதவிக் குழுப் பெண்கள் கையில் சிறிய ஆலைகள் கொடுக்கப்பட்டன. சிக்கல் அதற்குப் பிறகு. மும்முனை மின்சாரம் மலைக்கிராமத்தில் எப்போது வரும்? கல்லும் மண்ணும் பிரிக்கும் சல்லடை இல்லாமல் உமி நீக்கும் எந்திரம் மட்டும் இருந்தால் என்ன பயன்? பழுதானால் யார் வந்து பார்ப்பார்? வருஷம் முழுக்க ஓடும் அளவுக்குத் தானியம் இல்லையென்றால் ஓட்டுபவருக்குக் கூலி எங்கிருந்து வரும்? எந்திரம் கொடுப்பது ஒரு நாள் விழா. அதை ஓட்டுவது பத்து வருஷ வேலை.

எதை எண்ணலாம்?

திட்டங்கள் எதை எண்ணுகின்றனவோ அதைத்தான் வளர்க்கும். ஹெக்டேரை எண்ணினால் ஹெக்டேர் வளரும். அடுத்த முறை ஒரு சிறுதானிய அறிக்கை கையில் கிடைத்தால் நான்கு கேள்விகளை வைத்துக்கொண்டு வாசியுங்கள். விளைவித்த வீட்டில் வாரத்துக்கு எத்தனை வேளை அதைச் சாப்பிடுகிறார்கள்? உமி நீக்க எவ்வளவு தூரம் போகிறார்கள்? ஒரு படி அரிசியாக எவ்வளவு நேரம் ஆகிறது, அது யாருடைய நேரம்? தவிடு எவ்வளவு மிஞ்சுகிறது? நான் வாசித்த அறிக்கைகளில் நான்குக்கும் பதில் சொன்ன ஒன்றுகூட இல்லை. விதைப் பொட்டலங்களின் எண்ணிக்கை மட்டும் எல்லாவற்றிலும் துல்லியமாக இருந்தது.

சாமை நல்ல தானியம். வானம் பொய்த்த வருஷத்திலும் ஏதாவது கொடுக்கும் பயிரை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனசில்லை, மழை போகிற போக்கைப் பார்த்தால் அது இன்னும் தேவைப்படும். ஆனால் திட்டம் போடுபவர்கள் வரிசையை மாற்றிப் போடணும். முதலில் ஊருக்குப் பக்கத்தில் ஓடுகிற, ஓட்ட ஆளுள்ள ஒரு சிறிய ஆலை. அடுத்து அந்தத் தானியத்துக்கு ஒரு விலை. அதற்கப்புறம் விதை. மூன்றாவதை மட்டும் செய்துவிட்டு மக்கள் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால், உரலைக் கைகாட்டுவதைத் தவிர அந்த வீட்டுப் பெண்ணுக்கு வேறு பதில் இருக்காது.